இந்தக் கரை ஆண்களுக்கு, அந்தக் கரை பெண்களுக்கு

எங்கள் கல்யாணத்தன்று மாதாகோயில் பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு என்னையும் என் கணவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு எட்டு வருடம் நாங்கள் அப்படி உட்காரவே இல்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. இரண்டு பிள்ளைகள் கூடப் பிறந்துவிட்டன. உட்காரத்தான் இடம் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பஸ்ஸில் ஏறினால் எனக்கு லேடீஸ் சீட்டு; அவர் எங்கேயோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் ஆண்கள் முதல் பந்தி, நாங்கள் இரண்டாம் பந்தி. சினிமாவிலாவது சேர்ந்து உட்காரலாம் என்றால், சாந்தோமில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் தனியாகச் சினிமாவுக்குப் போய்ப் பழக்கமில்லை. மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்தி, பிள்ளைகள் என்று ஒரு வரிசையையே அடைத்துக்கொள்வோம். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். இடைவேளையில் அவர் வாங்கும் முறுக்கு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேரும்போது பாதிதான் இருக்கும். கல்யாணமான புதிதில் லஸ்ஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். அங்கேயும் ஒரே நாற்காலிதான். அவர் உட்கார்ந்தார், நான் நின்றேன்.

எங்களுக்கென்று ஒரு அறை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பீரோ, அரிசி டிரம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில் படுக்கலாம். கொஞ்சம் சத்தமாகப் பேசினால் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவார். அதனால் எட்டு வருடமும் எங்கள் பேச்செல்லாம் கிசுகிசுப்பில்தான் நடந்தது. அந்தக் கிசுகிசுப்பில் பள்ளிக்கூட ஃபீஸையும் பிள்ளைகளின் சளியையும் பற்றிப் பேசலாமே தவிர வேறென்ன பேச முடியும்?

எனக்கு ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசர் உத்தியோகம். அது பிழைப்புக்கு. அவருடைய உயிர் இருந்ததெல்லாம் வேறு இடத்தில். எங்கள் மாதாகோயில் பங்கிலிருந்து எந்த ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டமாகப் போனாலும் ஏற்பாடு அவர்தான். பஸ் பிடிப்பது, சாப்பாடு சொல்வது, தங்க இடம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தில் விசில் தொங்கும். அவர் ஊதினால் பங்குச் சாமியாரே ஓடிவந்து பஸ்ஸில் ஏறுவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் சிநேகிதக் குடும்பம் ஒன்று, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவரும் அவர் மனைவியும், ஒரு கல்யாணத்துக்காக ஆலப்புழைக்குப் போய்விட்டு வந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அங்கே தெரு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீராம். காய்கறிக்காரன் படகில் வருகிறானாம். கோயிலுக்குப் போகிறவர்கள் படகில் போய் வாசலிலேயே இறங்குகிறார்களாம். அவள் கண்கள் விரியச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆண்கள், நமக்கும்தான் மந்தைவெளிப் பக்கம் கால்வாய் இருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்று கேலி செய்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் வீட்டில் எல்லோரும் தெருவுக்குப் போய்விட, மெழுகுவத்தி தேடிக்கொண்டு நானும் அவரும் மட்டும் சமையலறையில் நின்றோம். இருட்டு கொடுத்த தைரியத்தில் சொல்லிவிட்டேன்: "ஒரு மணி நேரம் உங்க பக்கத்துல உக்காந்து தண்ணியப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் தீப்பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். "அவ்ளோதானே?" என்றார். முகத்தைப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் கரண்டும் வந்து, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆனால் மனுஷன் மறக்கவில்லை. அந்த வாரமே காரியத்தில் இறங்கிவிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு ஊருக்குப் போகிறோம் என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். யார் வீட்டு விசேஷம், என்ன வேண்டுதல், பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தண்ணீர் பார்க்கப் போகிறோம் என்றா? அதற்கு அவர் கண்ட வழி, இன்னும் மூன்று ஜோடிகளைச் சேர்த்துக்கொள்வது. நாலு பேரோடு போனால் அது எக்ஸ்கர்ஷன். எக்ஸ்கர்ஷனை யாரும் எதுவும் கேட்க முடியாது. டெலிபோன் ஆபீஸ் தம்பதி வழி தெரிந்தவர்கள் என்று சேர்ந்தார்கள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த, என் கணவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், மனைவியோடு வருவதாகச் சொன்னார். நாலாவது ஜோடி ஆழ்வார்பேட்டையில் குடியிருந்த புதுக் கல்யாணக்காரர்கள். மாப்பிள்ளை இதற்காகவே ஒரு கேமரா வாங்கினான். பெரியவர்கள் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது கண்டிப்பு. எங்கள் பங்கில் அதுவரை யாரும் கேள்விப்படாத விஷயம் அது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் நடந்தது. ஜோடியாகப் போவதற்கான கூட்டம். அதில் ஆண்கள் நாலு பேரும் நாற்காலி போட்டு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், பெண்கள் தண்ணீர்த்தொட்டி நிழலில் பாய் விரித்து இன்னொரு பக்கம் உட்கார்ந்தோம். இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

எப்போது போவது என்பதற்கே இரண்டு ஞாயிறு ஓடியது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் எங்களுக்கு ஆகாது. பரீட்சை சமயம் எனக்கு ஆகாது. தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். கடைசியில் பொங்கல் லீவு என்று முடிவாயிற்று. போகியோடு வியாபாரம் முடிந்துவிடும்; பொங்கலன்று காலையில் அவர்கள் வீட்டில் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி சென்ட்ரலில் கொச்சி ரயில் ஏறிவிடலாம். எர்ணாகுளத்தில் இறங்கி பஸ். டெலிபோன் ஆபீஸ்காரர் வழியைச் சொல்லச் சொல்ல என் கணவர் டைம்டேபிளைப் புரட்டி அவரைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்துப் பாயில் வேறு கூட்டம். எந்தப் புடவை தண்ணீருக்கு எடுப்பாக இருக்கும் என்று பேசினோம். புதுப்பெண் மல்லிகைப்பூ அங்கே கிடைக்குமா என்று கவலைப்பட்டாள். ஜவுளிக்கடைக்காரர் மனைவிக்கு ஒரே ஒரு பயம்தான். போன இடத்திலும் அவர் கயிற்றுப்பாய்க்கு என்ன விலை என்று விசாரிக்கப் போய்விடுவார். போனால் வாய்க்காலில் தள்ளிவிடுவதாக அவள் சபதம் செய்திருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஆறுகளின் படம் போடும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. அந்த டிசம்பர் மாதம் நான் யாரையும் திட்டவில்லை.

கிறிஸ்மஸுக்கு அடுத்த ஞாயிறு என் கணவர் விசேஷமாகச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். தங்கும் இடம் முடிவாகிவிட்டது என்றார். எங்கள் பங்குச் சாமியார் மூலமாக ஆலப்புழைச் சாமியார் ஒருவருக்கு எழுதியிருந்தாராம். நல்ல பதில் வந்திருக்கிறதாம். ஆண்களுக்குப் பையன்கள் ஹாஸ்டலில் பெரிய ஹால், இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. பெண்களுக்குக் கன்னியர் மடம், பளிங்கு மாதிரி சுத்தம், சிஸ்டர்களே சமைத்துப் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. ஏழு மணிக்கு மடத்து கேட்டைச் சாத்திவிடுவதால் பயமே இல்லை. படகும் இரண்டு தருவதாகச் சொல்லிவிட்டார்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

"ஆம்பளைங்க இந்தக் கரை, லேடீஸ் அந்தக் கரை. எல்லாம் பக்காவா முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார்.

வருடக்கணக்காக யாத்திரை கூட்டிப்போன கை அது. கூட்டம் என்று ஒன்று சேர்ந்தாலே ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் பிரித்துப் படுக்கவைத்துப் பழகிவிட்டது. இது என்ன யாத்திரை, எதற்காகப் போகிறோம் என்பது பழக்கத்தின் வேகத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவர் கழுத்தில் விசில் தொங்கியிருந்தால் பிடுங்கித் தொட்டியில் போட்டிருப்பேன்.

எப்படி மறுப்பது? வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை நடுமாடியில் நின்று யார் சொல்வது? டெலிபோன் ஆபீஸ்காரர் பேஷ் பேஷ் என்றார். அவர் மனைவி மடம் சுத்தமாகத்தான் இருக்கும் என்றாள். புது மாப்பிள்ளை கேமராவின் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

காபி போடும் சாக்கில் நாங்கள் நாலு பேரும் கீழே சமையலறைக்கு ஓடினோம். கதவைச் சாத்தியதும் ஜவுளிக்கடைக்காரர் மனைவி ஆரம்பித்தாள். "இதுக்கு என்னத்துக்கு ஆலப்புழைக்குப் போவணும்? நம்ம வீட்லயே அப்படித்தான கெடக்கோம்" என்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். புதுப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவரவர் வீட்டுக்காரரிடம் அவரவர் சொல்லிவிடுவது, அடுத்த ஞாயிறு அவர்கள் பேசி மாற்றிவிடட்டும் என்று தீர்மானம் போட்டோம்.

மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. இதுகூடவா எடுத்துச் சொல்ல வேண்டும், தானாகத் தெரிய வேண்டாமா என்று எனக்கு வீம்பு. அந்த வாரம் முழுவதும் அவருக்கு உப்பில்லாத குழம்பு ஊற்றினேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனார். அப்படிப்பட்ட மனுஷனிடம் வீம்பு செய்து என்ன பிரயோசனம்?

அடுத்த ஞாயிறு வந்தது. ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள், ஆனால் விஷயத்தை மட்டும் தொடவில்லை. டெலிபோன் ஆபீஸ்காரர் ஹாஸ்டலில் கொசு இருக்குமே என்றார். கொசுவலை கொண்டுபோகலாம் என்றார் என் கணவர். ஜவுளிக்கடைக்காரர், தாங்கள் சைவம், மடத்தில் மீன் வாசனை வந்தால் மனைவிக்கு ஆகாது என்றார். அவருக்குத் தனி அடுப்பு சொல்லியாகிவிட்டது என்றார் இவர். புது மாப்பிள்ளை தனக்கு ராத்திரியில் கெட்ட கனவு வரும் என்றான். அப்படியானால் என் பக்கத்திலேயே படுத்துக்கொள் தம்பி என்று என் கணவர் அவன் தோளைத் தட்டினார். எந்தச் சிக்கலைக் கொடுத்தாலும் அவர் ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிடுவார். பெண்கள் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். என் மாமியார் அந்தக் கோடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

இனி யாரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. போனால் போகிறது, சிஸ்டர்களோடு ஜெபமாலை சொல்லிவிட்டு வருவோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு இந்த ஒன்றை விட்டால் இன்னொரு எட்டு வருடம் ஆகும் என்று தோன்றியது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒரு மணி நேரம் உங்க பக்கத்துல உக்காரணும்னுதான் கேட்டேன். நடுவுல வாய்க்கால விட்டா எப்படிங்க உக்கார்றது?"

கிசுகிசுக்க மறந்துவிட்டேன். வகுப்பில் பேசும் குரலில் வந்துவிட்டது. பக்கத்து மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் காதெல்லாம் சுட்டது. மாமியார் கையிலிருந்த வேட்டியை நிதானமாக மடித்தார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் கணவர் டைம்டேபிளை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் ஜவுளிக்கடைக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆலப்புழையில் தனக்கு வியாபாரப் பழக்கமுள்ள ஒருவர் இருக்கிறார், நல்ல லாட்ஜில் நாலு ரூம் சொல்லிவிடலாம், ஜோடிக்கு ஒரு வள்ளமாகப் படகும் சொல்லிவிடலாம் என்றார். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் மனைவி பாயிலிருந்தே அதட்டினாள். அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பிறகு, தயாராக இருந்த ஹாஸ்டலும் மடமும் வேண்டாமென்று ஆலப்புழைச் சாமியாருக்கு எழுத வேண்டுமே, என்ன காரணம் எழுதுவது? நாலு ஆண்களும் இருட்டும்வரை உட்கார்ந்து யோசித்து, எங்களில் சிலருக்குப் பலத்த குறட்டைப் பழக்கம் உண்டு, தங்களுக்குத் தொந்தரவு தர விரும்பவில்லை என்று எழுதிப் போட்டார்கள். விஷயம் எப்படியோ எங்கள் பங்குச் சாமியார் காதுக்கும் போய், அவர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் குறட்டைக்கு ஒரு கைமருந்து சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. நான் அத்தனை பேர் முன்னால் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வழக்கம்போலப் பேசினார், புளிசாதத்துக்குப் புளி வாங்கி வந்தார், கொசுவலையை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்தார். என்னைப் பார்க்கும்போது மட்டும் பார்வை கொஞ்சம் நழுவியது. மானத்தை வாங்கிவிட்டேன் என்று நினைக்கிறாரா? எனக்காகத்தான் இதெல்லாம் செய்கிறாரா, இல்லை அவருக்கும் ஆசைதானா? எட்டு வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு அது தெரியவில்லை. ரயிலிலும் கூட்ட நெரிசலில் பெண்கள் ஒரு பலகை, ஆண்கள் எதிர்ப் பலகை என்றே ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் கரித்தூள் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன், ஆனால் தூக்கம் வந்துவிட்டது.

ஆலப்புழை நன்றாகவே இருந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. காய்கறிக்காரன் நிஜமாகவே படகில் வந்தான். லாட்ஜில் மூட்டையை வைத்துவிட்டுச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் துறைக்குப் போனோம். நாலு வள்ளம் வரிசையாக நின்றது, ஒவ்வொன்றும் அகலம் குறைவு. மற்ற மூன்று ஜோடிகளும் ஏறிக்கொண்டார்கள்.

எங்கள் வள்ளத்துக்காரர் தலையில் துண்டு கட்டிய வயசானவர். என் கணவரின் உடம்பை மேலும் கீழும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்போது ஒல்லி. வள்ளம் ஒரு பக்கமாகச் சாயும், ஐயா முன்னால் போய் உட்காரட்டும், அம்மா பின்னால் உட்காரட்டும், அதுதான் கணக்கு என்று மலையாளத்தில் கையைக் காட்டிச் சொன்னார். எங்கே போனாலும் எனக்கு இதே கதைதானா என்று நினைத்துக்கொண்டு, நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நகர்ந்தேன்.

என் கணவர் நகரவில்லை. யார் என்ன ஒழுங்கு சொன்னாலும் முதல் ஆளாகக் கீழ்ப்படிகிறவர், நடுப்பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு அந்தக் கால்வாய் முழுக்கக் கேட்கும்படி, ஒர்க்ஷாப்பில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசும் குரலில் சொன்னார்:

"அதெல்லாம் முடியாதுப்பா. எட்டு வருஷமா தனித்தனியாத்தான் குந்திகினு கீறோம். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குந்துவோம். சாஞ்சா சாயட்டும்."

முன்னால் போன மூன்று வள்ளங்களும் திரும்பிப் பார்த்தன. வள்ளத்துக்காரருக்கு மெட்ராஸ் பாஷை எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டு துடுப்பை எடுத்தார். நான் போய் உட்கார்ந்தேன். வள்ளத்துக்காரர் சொன்ன மாதிரியே வள்ளம் என் கணவர் பக்கம் சாய்ந்தது. அந்த விளிம்பில் தண்ணீர் ஏறி உள்ளே வந்து என் புடவைக் கரை நனைந்தது. நேராக உட்காரவே முடியவில்லை. அவர் பக்கமாகச் சரிந்து சரிந்து அவர் தோளில் போய் முட்டிக்கொண்டேன். எட்டிப் பிடித்துக்கொள்ள எனக்கு அந்தப் பக்கம் ஒரு குறுக்குக் கட்டை இருந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை.